அக்கா மகளின் ஆய்வுக் கட்டுரைகள்: ஊரார் கேட்டதும் நான் சொன்னதும்

என் அக்கா மகள் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் தாவர மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சி செய்கிறாள். போன வருடம் வரன் பார்க்கும்போது ஜாதகத்தோடு அவளுடைய கட்டுரைப் பட்டியலையும் அக்கா இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அது கைமாறிக் கைமாறிப் பாலக்கோடு முழுக்கச் சுற்றிவிட்டது. அவள் பொங்கல் முடிந்ததும் பஸ் ஏறிவிடுவாள். அப்புறம் மாட்டிக்கொள்வது நான்தான், ஏனென்றால் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். டீக்கடையிலும் தக்காளி மண்டியிலும் கல்யாணப் பந்தியிலும் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள். வாய் வலிப்பதால் எழுதிவைக்கிறேன். பதிலில் பிழை இருந்தால் என்னைத் திட்டுங்கள், அவளை விட்டுவிடுங்கள்.

உங்க அக்கா பொண்ணு செடிக்கு வைத்தியம் பாக்குறவங்களா? எங்க தக்காளியில இலை சுருண்டுக்குது, கேட்டுச் சொல்லுங்க சார்.

இல்லை. இலைச் சுருட்டல் வைரஸைப் பரப்புவது வெள்ளை ஈ. அதற்குத் தோட்டக்கலை அலுவலரையோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேளுங்கள். நோய்க்கு வழி சொல்பவர் வேறு, புது ரகம் உருவாக்குபவர் வேறு. இவள் பார்ப்பது செடியின் உள்வேலை: எந்த மரபணு எப்போது இயங்குகிறது, அதை எது இயக்குகிறது என்பதை.

ஜீன் தெரியும். அது என்ன ‘ஜீன் ரெகுலேஷன்’?

தக்காளிச் செடியின் வேரை எடுங்கள், இலையை எடுங்கள், பழத்தை எடுங்கள். மூன்றிலும் உள்ள செல்களில் ஒரே மரபணுத் தொகுதிதான், ஏறக்குறைய 35,000 மரபணுக்கள். பழத்தைச் சிவப்பாக்கும் மரபணு வேரிலும் இருக்கிறது. ஆனால் வேர் சிவந்து பழுப்பதில்லை. ஏன்? அங்கே அது திறக்கப்படவில்லை. எந்த மரபணுவை எங்கே, எப்போது, எவ்வளவு திறப்பது என்ற நிர்வாகத்துக்குத்தான் மரபணு ஒழுங்காற்றல் என்று பெயர்.

நம் ஊர்க்காரருக்கு இதை மோட்டாரை வைத்துச் சொன்னால் உடனே புரிகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் மோட்டார் இருக்கிறது. அதற்காக எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகிறதா? மும்முனை மின்சாரம் வர வேண்டும், யாராவது போய் ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டும். மரபணுவுக்கு முன்னால் இருக்கும் ‘புரமோட்டர்’ என்ற டிஎன்ஏ துண்டுதான் ஸ்டார்ட்டர் பெட்டி. அதில் போய் உட்கார்ந்து அழுத்தும் கைக்குப் ‘படியெடுப்புக் காரணி’ என்று பெயர், அது ஒரு புரதம். அழுத்தியதும் மரபணுவிலிருந்து ஆர்என்ஏ என்ற நகல் எடுக்கப்படுகிறது, அந்த நகலைப் பார்த்துப் புரதம் தயாராகிறது.

வேடிக்கை என்னவென்றால் அந்தக் கையையும் இன்னொரு மரபணுதான் செய்து அனுப்புகிறது. அதை அழுத்தியது யார் என்று கேட்டால் அதற்குப் பின்னால் இன்னொரு கை. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைப் பிடித்து வெளியே எடுப்பதற்குள் ஒரு முனைவர் பட்டம் முடிந்துவிடும்.

எல்லாரும் தக்காளியையே பிடிச்சுத் தொங்குறாங்களே, நம்ம ராகியை ஏன் யாரும் பாக்கல?

நியாயமான குறைதான். தக்காளியில் 12 ஜோடி குரோமோசோம், மூன்று நான்கு மாதத்தில் பழம், பழுப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதன் மரபணுத் தொகுதி 2012இல் முழுதாக வெளியானது, அந்த வேலையில் இந்திய ஆய்வகங்களுக்கும் பங்கு உண்டு. ராகி அப்படியில்லை. இரண்டு வேறு மூதாதையரின் தொகுதிகள் ஒன்றாகச் சேர்ந்த செடி அது, 36 குரோமோசோம். ஒரே மாதிரியான பக்கங்கள் கொண்ட இரண்டு புத்தகங்களைக் கிழித்துக் கலந்துவிட்டு அடுக்கச் சொன்னால் எப்படியோ அப்படி. 2017இல்தான் ராகியின் வரைவு வந்தது, பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று செய்தார்கள்.

பட்டியலில் ‘அராபிடாப்சிஸ்’ என்ற பெயரும் இருக்கும். கடுகுக் குடும்பத்துக் களைச்செடி. யாரும் சாப்பிடுவதில்லை. ஐந்து ஜோடி குரோமோசோம், ஆறு வாரத்தில் விதையிலிருந்து விதை. 2000இல் முதன்முதலாக முழுதாகப் படிக்கப்பட்ட தாவரம் அதுதான். எதையும் முதலில் அதில் சோதித்துவிட்டுத்தான் பயிருக்கு வருவார்கள்.

பழுக்குறதுல ஜீனுக்கு என்ன வேலை? கல்லு வெச்சா மாங்கா பழுக்குதே.

கல் வைத்தாலும் வேலை செய்வது மரபணுக்கள்தான். காய் முற்றியதும் அது தானாகவே எத்திலீன் என்ற வாயுவை உண்டாக்குகிறது. செல்லில் அதை உணரும் புரதங்கள் இருக்கின்றன. செய்தி உட்கருவுக்குப் போகிறது, நிறம், மணம், இனிப்பு, மென்மை ஒவ்வொன்றுக்குமான மரபணுக்கள் திறக்கின்றன. எத்திலீனை உண்டாக்கும் மரபணுக்களும் அதில் சேர்த்தி. ஆகவே வாயு மேலும் கூடுகிறது, பக்கத்துக் காய்க்கும் பரவுகிறது. பெட்டியில் ஒன்று பழுத்தால் மற்றதும் சேர்ந்து பழுப்பது இதனால்தான்.

கார்பைடு கல் ஈரத்தில் அசிட்டிலீன் வாயுவை விடுகிறது. அது எத்திலீன் மாதிரி நடித்து அந்த உணர்வுப் புரதங்களை ஏமாற்றுகிறது. அதோடு ஆர்சனிக் முதலிய நஞ்சும் கலந்து வரும் என்பதால் நம் நாட்டில் அதற்குத் தடை. பழுக்கவைக்கும் அறைகளில் எத்திலீனையே பத்து லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த அனுமதி உண்டு.

அழுகாத தக்காளி கண்டுபிடிச்சுட்டாங்களாமே? அது ஏன் நம்ம மண்டிக்கு வரல?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. விலை விழுந்த வாரத்தில் பெட்டி பெட்டியாக ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனவர்கள் கேட்கும்போது பாடம் நடத்துகிற மாதிரி பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

1994இல் அமெரிக்காவில் ‘ஃப்ளேவர் சேவர்’ என்ற தக்காளி விற்பனைக்கு வந்தது. மரபணு மாற்றிய முதல் முழு உணவு அதுதான். செல்சுவரைக் கரைத்துப் பழத்தைத் தளரவைக்கும் ஒரு நொதியின் மரபணுவை, அதையே தலைகீழாக ஒரு பிரதி வைத்து அடக்கினார்கள். ஆனால் பழம் தளர்வது ஒரு நொதியால் மட்டும் நடப்பதல்ல. எதிர்பார்த்த அளவுக்குக் கெட்டி வரவில்லை, லாரியில் நசுங்கியது, செலவும் கட்டவில்லை. சில வருடங்களில் கடையை விட்டே போய்விட்டது.

இன்னொரு வழி மரபணு மாற்றமே இல்லாதது. 1960களில் ஒரு தக்காளிச் செடி அகப்பட்டது. காய் முழு அளவுக்கு வளரும், ஆனால் பழுக்காது. எத்திலீன் கொடுத்தாலும் சிவக்காது. அதற்கு ‘ரின்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தச் செடியைச் சாதாரணச் செடியோடு மகரந்தம் சேர்த்து எடுத்த கலப்பினம் மெதுவாகப் பழுத்தது, பல நாள் தாங்கியது. உலகச் சந்தையில் நாள்பட நிற்கும் கலப்பினங்கள் பலவற்றில் இந்த ‘ரின்’ ஒற்றைப் பிரதி இருக்கிறது. விலையாக நிறமும் ருசியும் கொஞ்சம் போய்விடும். ரசத்துக்கு அப்படிப்பட்ட பழத்தைக் கொடுத்தால் என் மனைவி திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

‘ரின்’னா ‘பழுப்பதைத் தடுப்பது’ன்னு கூகுள்ல போட்டிருக்கு. அந்த ஜீன்தான் பழுக்க வைக்குதுன்னு நீங்க சொல்றீங்க. எது சார் சரி?

இரண்டும் சரி. செடியில் ஒரு மரபணு கெட்டுப்போனால் என்ன ஆகிறதோ அதை வைத்துத்தான் பெரும்பாலும் பெயர் சூட்டுகிறார்கள். கெட்டுப்போனபோது பழம் பழுக்கவில்லை, ஆகவே ‘பழுப்பைத் தடுப்பது’. நல்ல நிலையில் அதே மரபணு பழுப்பதற்கு உதவுகிற படியெடுப்புக் காரணியைத் தருகிறது. கிணறு வற்றிய பிறகு ‘வறட்டுக் கிணறு’ என்று பெயர் வைத்த மாதிரி. கட்டுரைகளில் கெட்ட வடிவத்தை ஆங்கிலச் சிறிய எழுத்திலும் நல்ல வடிவத்தைப் பெரிய எழுத்திலும் அச்சிடுவார்கள். அதைக் கவனிக்காமல் படித்தால் பொருள் நேர்மாறாகிவிடும். நானே ஒரு தடவை அப்படிப் படித்துவிட்டு அவளோடு அரைமணி நேரம் சண்டை போட்டேன்.

அந்த ரின் விஷயத்துல 2002இல ஒண்ணு சொன்னாங்க, 2017இல மாத்திச் சொன்னாங்களாம். அப்போ முதல் கட்டுரை பொய்யா?

பொய் இல்லை. 2002இல் அந்த மரபணுவைக் கையில் பிடித்தார்கள். ‘ரின்’ செடியில் டிஎன்ஏவில் ஒரு துண்டு விழுந்துபோய், பக்கத்துப் பக்கத்து இரண்டு மரபணுக்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. நல்ல மரபணுவைத் திருப்பிக் கொடுத்தால் பழம் பழுத்தது. ஆகவே இது இல்லாமல் பழுப்பது தொடங்கவே தொடங்காது என்று எடுத்துக்கொண்டார்கள். பதினைந்து வருடம் பாடப்புத்தகம் அப்படித்தான் சொன்னது, நானும் அப்படித்தான் நடத்தியிருப்பேன்.

2017இல் ஜப்பானியர், டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் ‘கிரிஸ்பர்’ என்ற மூலக்கூறுக் கத்தரிக்கோலால் நல்ல செடியில் அந்த மரபணுவை முழுதாக நொறுக்கிப் பார்த்தார்கள். காய் ‘ரின்’ மாதிரி பச்சையாகவே நிற்க வேண்டும், இல்லையா? நிற்கவில்லை. அரைகுறையாகப் பழுத்தது. அப்புறம் ‘ரின்’ செடியிலேயே அந்த ஒட்டுப்போட்ட மரபணுவை நொறுக்கினார்கள். அதுவும் ஓரளவு பழுத்தது! ஆக, கை இல்லாததால் மட்டும் மோட்டார் நிற்கவில்லை. ஒட்டிப் பிறந்த அந்தக் கலப்புப் புரதம் ஸ்டார்ட்டர் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு அடக்குகிறது. 2002இல் பார்த்தது உண்மை, அதற்குச் சொன்ன காரணம் பாதிதான் சரி. என்னைக் கேட்டால் மொத்தத் துறையிலும் எனக்குப் பிடித்த திருப்பம் இது.

ஒரு ஜீன் நல்லதுன்னா ரெண்டாப் போட்டுட வேண்டியதுதானே?

ஓசூர் பக்கம் பூ வளர்க்கும் ஒருவர் கேட்டது. 1990இல் இதையே செய்து பார்த்தார்கள். பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்துக்கான மரபணுவை இன்னொரு பிரதி சேர்த்தார்கள், நிறம் இன்னும் அடர்த்தியாகும் என்ற நம்பிக்கையில். பல செடிகளில் பூ வெள்ளையாகவோ திட்டுத்திட்டாகவோ பூத்தது. போட்டதும் அணைந்தது, முன்பிருந்ததும் அணைந்தது.

காரணம் தெரியப் பல வருடம் ஆனது. அளவுக்கு மீறிய நகலைக் கண்டால் செடி அதைச் சின்னச் சின்ன ஆர்என்ஏ துண்டுகளாக வெட்டி, அந்தத் துண்டுகளை அடையாளமாக வைத்துக்கொண்டு மற்ற நகல்களையும் அழிக்கிறது. வைரஸிடமிருந்து தப்பிக்கச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு அது. இதே மாதிரியான ஆர்என்ஏ அடக்கத்தைப் புழுவில் 1998இல் விளக்கியவர்களுக்கு 2006இல் நோபல் கிடைத்தது. பெட்டூனியாக்காரர்களுக்கு இல்லை. செடிக்காரர்கள் இதை இன்னும் மறக்கவில்லை.

டிஎன்ஏ எழுத்து ஒண்ணுகூட மாறாம குணம் மாறுமா?

மாறும். தக்காளியிலேயே உதாரணம் இருக்கிறது. நிறமும் வராமல் பழுக்கவும் செய்யாத ‘சிஎன்ஆர்’ என்ற இன்னொரு செடி. 2006இல் ஆராய்ந்தபோது மரபணுவின் எழுத்தில் மாற்றம் இல்லை, அதன் புரமோட்டர் மேல் மீத்தைல் என்ற சிறு வேதிக் குறிகள் அடர்ந்து ஒட்டியிருந்தன. ஸ்டார்ட்டர் பெட்டிக்குச் சீல் வைத்த மாதிரி. அந்தச் சீல் விதை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போகிறது. அந்த மரபணு ஒன்றுதான் முழுக் காரணமா என்ற வாதம் இப்போதும் ஓடுகிறது, ரின் கதை போலவே.

எங்க பெங்களூரா மாமரம் ஒரு வருஷம் காய்க்குது, மறு வருஷம் ஏமாத்துது. இதுக்கும் ஜீனா?

ஆமாம், ஆனால் மரபணு மட்டும் இல்லை. பூக்கச் சொல்லும் செய்தி இலையில் உருவாகி நுனிக்குப் போகிறது என்று 1937லேயே ரஷ்யாவில் ஒருவர் சொல்லிவிட்டார். அந்தச் செய்தி ‘எஃப்டி’ என்ற சிறு புரதம் என்று 2007இல்தான் நிலைநாட்டினார்கள். மாவிலும் இதே குடும்பத்து மரபணுக்கள் உண்டு. மார்கழிக் குளிரில் முற்றிய இலையில் அது கூடுகிறது. போன வருடம் மரம் முறிய முறியக் காய்த்திருந்தால் அறுவடைக்கு அப்புறம் வரும் தளிர் தாமதமாகும், குளிர் வரும்போது இலை இளசாக நிற்கும். காய்க்குள் இருக்கும் கொட்டையிலிருந்து வரும் ஜிப்பெரெலின் என்ற ஹார்மோனும் பூவுக்கு எதிரி.

கிருஷ்ணகிரித் தோப்புகளில் வேரில் ஊற்றுகிற ‘கல்டார்’ மருந்து அந்த ஜிப்பெரெலின் உற்பத்தியைத்தான் தடுக்கிறது. மரபணுவைத் தொடவில்லை, அது கேட்கும் செய்தியை மாற்றுகிறது. அளவு மிஞ்சினால் கிளை குட்டையாகிப் பூங்கொத்து நெருக்கிக்கொள்ளும், அது உங்களுக்கே தெரியும்.

பட்டியல்ல ஒரு கட்டுரைக்கு ஏழு பேர் பேரு. உங்க பொண்ணு பேரு மூணாவதா இருக்கு. மூணாம் பரிசா?

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கேட்டது. உயிரியலில் முதல் பெயர் பெரும்பாலான சோதனைகளைக் கையால் செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நட்சத்திரக் குறி இருந்தால் கட்டுரை பற்றிய கடிதங்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அவருக்கு. நடுவில் இருப்பவர்கள் ஏதாவது ஒரு பகுதியைச் செய்தவர்கள், ஒருவர் ஒரே ஒரு படத்துக்காக ஆறு மாதம் உழைத்திருக்கலாம். மொய் நோட்டு வரிசை மாதிரி நினைத்துவிட வேண்டாம்.

இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு? ஹெச் இண்டெக்ஸ் எவ்வளவு?

இம்பாக்ட் ஃபேக்டர் இதழுக்கான மதிப்பெண்: முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளைச் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்பது. அந்த இதழில் வந்த ஒரு கட்டுரையின் தரத்தை அது சொல்லாது. ஹெச் இண்டெக்ஸ் ஆளுக்கானது, 2005இல் ஒரு இயற்பியலாளர் முன்வைத்தது. குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரை பத்து இருந்தால் ஹெச் பத்து. வயதாக ஆகக் கூடும், குறையாது. என் ரத்த அழுத்தம் மாதிரி.

மக்காச்சோளத்தில் மரபணுத் துண்டுகள் இடம் மாறி மற்ற மரபணுக்களை அணைத்தும் திறந்தும் விளையாடுகின்றன என்று பார்பரா மெக்ளின்டாக் 1950இல் எழுதினார். கேட்க ஆளில்லாமல் சில வருடங்களில் அதைப்பற்றி வெளியிடுவதையே ஏறக்குறைய நிறுத்திக்கொண்டார். 1983இல், 81 வயதில், நோபல் வந்தது. அன்றைய மேற்கோள் எண்ணிக்கையை வைத்துப் பெண் பார்க்கப் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

காசு கட்டினா யார் வேணும்னாலும் கட்டுரை போடலாமாமே?

இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்று வைக்கும் நல்ல இதழ்களும் எழுதியவரிடம் கட்டணம் வாங்குகின்றன, ஆனால் துறை அறிந்தவர்கள் படித்துக் கேள்வி கேட்ட பிறகுதான் ஏற்கின்றன. படிக்காமலே காசு வாங்கிப் போட்டுவிடும் இதழ்களும் உண்டு. பள்ளி வாத்தியாரான எனக்கே ‘மாண்புமிகு பேராசிரியர் அவர்களே, தங்கள் இதயநோய்க் கட்டுரையை அனுப்புங்கள்’ என்று மின்னஞ்சல் வந்தது. மூன்று நாளில் வெளியிடுவோம் என்று ஒரு இதழ் வாக்குக் கொடுத்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

பாலக்கோட்டுல உக்காந்து முழுக் கட்டுரையைச் சும்மா படிக்க முடியுமா?

முடியும். மேலே சொன்ன திறந்த இதழ்கள் ஒன்று. இதழுக்கு அனுப்பும் முன்பே ஆய்வாளர்கள் போட்டுவைக்கும் ‘பயோஆர்கைவ்’ தளம் இன்னொன்று, 2013இலிருந்து இருக்கிறது. அதில் இருப்பதை இன்னும் யாரும் சரிபார்க்கவில்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ‘ஷோத்கங்கா’ என்ற இணையதளம். அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு 2025 ஜனவரியிலிருந்து, இதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்திருக்கிறது, கல்லூரி நூலகத்தில் விசாரியுங்கள். எதுவும் சரிவரவில்லை என்றால் ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள், கேட்க ஆள் இருக்கிறதே என்ற சந்தோஷத்தில்.

‘இந்த ஜீனின் வெளிப்பாடு பத்து மடங்கு கூடியது’ன்னு எழுதியிருந்தா அதுதான் காரணம்னு எடுத்துக்கலாமா?

தர்மபுரியில் முதுகலை படிக்கும் ஒரு பிள்ளை கேட்டாள். கூடாது. மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி ரோட்டில் லாரி பத்து மடங்கு கூடுகிறது. லாரியா மாங்காயைப் பழுக்கவைக்கிறது? கூடியது என்பது முதல் படி மட்டும். அடுத்து, அந்த மரபணுவைக் கெடுத்தால் குணம் போகிறதா, திருப்பி வைத்தால் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் புரதம் எந்த மரபணுவின் புரமோட்டரில் நேரடியாக உட்காருகிறது என்றும் காட்ட வேண்டும். இத்தனையும் காட்டினாலும் கதை மாறலாம், ரின் கேள்வியில் பார்த்தோம்.

படிக்கும்போது முடிவுரையை விட்டுவிட்டுப் படங்களைப் பாருங்கள். எதோடு ஒப்பிட்டுப் பத்து மடங்கு? ஒப்பிட எடுத்த அடிப்படை மரபணு நிலையாக இருந்ததா? மூன்று செடியிலிருந்து மூன்று பழமா, இல்லை ஒரே பழத்தை அரைத்து மூன்று தடவை அளந்தார்களா? பின்னது மூன்று சோதனை ஆகாது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடிக்கத் தெரிந்தால் பாதிக் கட்டுரைகளை எடைபோட்டுவிடலாம்.

சுத்திச் சுத்தி இது மரபணு மாற்று விதைதானே?

ஆராய்வது வேறு, விதை விற்பது வேறு. அவள் ஆய்வகத்தில் மரபணு மாற்றிய செடி உண்டு, அது பூட்டிய பசுமைக்குடிலை விட்டு வெளியே வராது. நம் நாட்டில் விற்பனையில் இருக்கும் மரபணு மாற்றுப் பயிர் 2002இல் வந்த பிடி பருத்திதான். பிடி கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் தடை வைத்தார்கள்.

மரபணுத் திருத்தம் என்பது இன்னொன்று. வெளி மரபணு சேர்க்காமல் இருக்கும் எழுத்தை மட்டும் வெட்டித் திருத்தினால் சில விதிகளிலிருந்து 2022 மார்ச்சில் விலக்கு கொடுத்தார்கள். 2025 மே மாதம் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார்கள். ஒன்று, பிபிடி என்று நாம் சொல்லும் சம்பா மசூரியிலிருந்து ‘கமலா’. இன்னொன்று ‘பூசா டிஎஸ்டி’, அதில் வெட்டியது ஒரு படியெடுப்புக் காரணியின் மரபணுவை. வறட்சியையும் உப்பையும் தாங்கும் தன்மையை அடக்கிவைக்கும் கை அது. விலக்கே தவறு, முழுச் சோதனை வேண்டும் என்று எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். வெட்டும் கிரிஸ்பர் கத்தரிக்கோலின் காப்புரிமை யாரிடம் என்ற கேள்வி எனக்கும் உண்டு.

இத்தனை கட்டுரை போட்டும் ஒரு விதைப் பாக்கெட்கூட வரலையே?

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒடிசாவில் வெள்ளத்தில் மூழ்கியும் பிழைக்கும் நாட்டு நெல் ஒன்று இருந்தது. அதிலிருந்து தேர்ந்தெடுத்ததை 1950களிலேயே அறிவார்கள், ஆனால் விளைச்சல் குறைவு. அந்தக் குணம் 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1990களின் நடுவில் தெரிந்தது. மரபணு இதுதான் என்ற கட்டுரை 2006இல் வந்தது. அதுவும் ஒரு ஒழுங்காற்றும் மரபணு: தண்ணீருக்குள் நெல் நீண்டு நீண்டு களைத்துச் சாகாமல், வளர்ச்சியை நிறுத்திச் சேமித்ததை வைத்துக் காத்திருக்கச் செய்கிறது. அதைச் சாதாரணக் கலப்பு முறையில் சுவர்ணா நெல்லுக்கு மாற்றி 2009இல் வெளியிட்டார்கள். இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும்.

ஆக, முதலில் பார்த்ததிலிருந்து மூட்டை வரை ஐம்பது வருடத்துக்கு மேல். நடுவில் கட்டுரை எழுதியவர்கள் யாரும் விதை விற்கவில்லை. பையூர் 1, பையூர் 2 என்று ராகி கொடுத்த நிலையம் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாக்கெட் வேண்டுமென்றால் அங்கே போங்கள். அக்கா மகளிடம் கேட்டால் அவள் இன்னொரு கட்டுரையைத்தான் கொடுப்பாள்.